ஒருவர் மட்டும் படிக்க வேண்டிய நாவல்

வேம்புலி தூங்கத்தான் போனான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அவனைப் பற்றி மேடையேறிப் பேசியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவனே வாய்விட்டுச் சொன்னபோதும் நம்பவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் லேத் ஓட்டினான். எப்போதும் நைட் ஷிப்ட். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் குடித்தனம். மனைவி நாகவல்லி வில்லிவாக்கத்தில் ஒரு பிஸ்கோத்து கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலைக்குப் போய் வந்தாள். கல்யாணம் ஆன புதிது. ஆனால் காலையில் அவன் எந்த ரயிலிலிருந்து இறங்குவானோ அதே ரயிலில்தான் அவள் ஏற வேண்டும். மாலையில் அவள் இறங்குகிற வண்டியில் அவன் ஏற வேண்டும். கொரட்டூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கிற அந்த ஒரு நிமிஷம்தான் அவர்களுடைய தாம்பத்தியம். அந்த நிமிஷத்துக்குள் சாவி கை மாறும், தூக்குவாளி கை மாறும், "மீன் கொழம்பு கீது, சூடு பண்ணிக்கோ" என்று அவள் சொல்வாள், கார்டு விசில் ஊதிவிடுவார். வார விடுமுறையாவது ஒன்றாக வாய்த்ததா என்றால் அதுவும் இல்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஞாயிறு. "நான் கட்டிக்கினது உன்னயா, கொரட்டூர் பிளாட்பாரத்தயானு எனக்கே சந்தேகமா கீது" என்று ஒரு நாள் அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் கேட்டதெல்லாம் ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் மாலையில் திரும்புகிற, மனிதர்கள் பார்க்கிற வேலை நேரம். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் பர்சனல் ஆபீசர் ஜானகிராமன்.

அதுவரை பகலில் தூங்கியாக வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் தகரப் பெட்டி செய்கிறவர். பொழுது விடிந்தால் அடி, பொழுது சாய்ந்தால்தான் நிறுத்தம். காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தான், தலைமேல் தலையணையைக் கவிழ்த்துப் பார்த்தான், பயனில்லை. அப்போதுதான் ஸ்டேஷனுக்கு எதிரே கம்பெனியின் மனமகிழ் மன்றப் படிப்பகம் அவன் கண்ணில் பட்டது. அம்பத்தூர் தொழிலாளிக்குக் கொரட்டூரில் எதற்குப் படிப்பகம் என்று கேட்காதீர்கள். ஜானகிராமனின் வீடு கொரட்டூரில் இருந்தது. படிப்பகத்தில் மின்விசிறி இரண்டு, பிரம்பு நாற்காலி ஏழெட்டு, மனிதர் எவரும் இல்லை. கையில் புத்தகம் இல்லாதவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு பலகை மட்டும் தொங்கியது. வேம்புலி அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே தடியான ஒன்றை எடுத்தான். சிவப்புக் காலிகோ பைண்டிங், தலையணை கனம். மடியில் விரித்து வைத்தான், தூங்கினான்.

வேம்புலிக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். தூங்கும்போது கண் முழுசாக மூடாது. பாதி திறந்தபடியே இருக்கும். அவன் தலையில் சனி ஏறி உட்கார்ந்தது அந்த வழியாகத்தான்.

அந்தப் படிப்பகத்தை நடத்தியது 'அதிகம் அறியப்படாத ஐரோப்பியச் செவ்விலக்கியப் பரிந்துரைக் குழு'. தலைவர் ஜானகிராமன், செயலாளர் உத்தமன். உத்தமன் டெஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. குழு வேலை கம்பெனி வேலையாகவே கணக்கில் வரும் என்று ஜானகிராமன் உத்தரவு போட்டதிலிருந்து அவர் தபால் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இன்னும் சில உறுப்பினர்களும் உண்டு; காபி வரும்போது அவர்களும் வருவார்கள். நவீன மனிதன் எதைப் படிக்க வேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்வதே குழுவின் லட்சியம். ஆறு வருஷமாக அவர்கள் ஒரே ஒரு நாவலைத்தான் பரிந்துரைத்து வந்தார்கள். பெயர் 'பனிமூட்டத்து மணிக்கூண்டு'. எழுதியவர் ஹுல்தெரிக் வான் ஸ்டோம் என்பவர். அவர் பெல்ஜியம் என்று தலைவரும், இல்லை டென்மார்க்குக்குப் பக்கம் என்று செயலாளரும் சொல்லிவந்ததால், ஐரோப்பா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. தமிழாக்கம் உத்தமன். சிவப்புக் காலிகோ, தலையணை கனம்.

அந்த வருஷம் மேனேஜிங் டைரக்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். இந்தப் புத்தகத்தை எவனாவது படிக்கிறானா? ஒருவனையாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த ஹாலைச் சைக்கிள் ஸ்டாண்டு ஆக்கிவிடுகிறேன் என்றார். குழுவினர் கதிகலங்கிப் போய்ப் படிப்பகத்துக்குள் நுழைந்தபோது, மின்விசிறிக்கு அடியில் வேம்புலி உட்கார்ந்திருந்தான். மடியில் மணிக்கூண்டு. அரைக்கண் பக்கத்தின்மேல் நிலைகுத்தியிருந்தது. நெடுநேரம் நின்று பார்த்தார்கள், அவன் இமைக்கவில்லை. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. இவ்வளவு ஆழமாகப் படிக்கிற மனிதனைத் தாம் கண்டதில்லை என்று உத்தமன் கிசுகிசுத்தார். ஜானகிராமன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே விழா. ரோஜா மாலை, சால்வை, 'நவீன வாசகர்' என்ற பட்டம். மேனேஜிங் டைரக்டர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜானகிராமன் பேசினார்:

"இந்த நாவலை ஆறு வருஷமாகப் பரிந்துரைத்து வருகிறேன். இதுவரை ஒருவர்கூடப் படிக்கவில்லை. இதிலிருந்தே இதன் தரம் உங்களுக்கு விளங்கும். நீங்கள் படித்தீர்களா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். டாக்டர் மருந்தைக் குடித்துப் பார்த்துவிட்டா எழுதிக் கொடுக்கிறார்? படிக்க ஆரம்பித்தால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சொந்த அபிப்பிராயம் வந்துவிடும். அபிப்பிராயம் வந்தால் நடுநிலைமை போய்விடும். அந்தத் தவற்றை நான் செய்ததில்லை."

கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அடுத்து உத்தமன் எழுந்து, தாம் அந்த நாவலைச் சொல் சொல்லாக மொழிபெயர்த்ததாகவும், அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதால் கதையைக் கவனிக்க நேரமில்லாமல் போய்விட்டதாகவும் சொன்னார். பிறகு வேம்புலியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

வேம்புலி நல்லவன். பொய் சொல்ல வரவில்லை. "ஐயா, நான் படிக்கல. தூங்கிகினு இருந்தேன்" என்றான்.

ஜானகிராமன் எழுந்து நின்று கைதட்டினார். மேல்நாட்டு விமரிசகர்கள் நானூறு பக்கத்தில் சொல்ல முடியாததை நம் தொழிலாளி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார், படைப்பு வாசகனைக் கனவு நிலைக்கு எடுத்துச் செல்கிறது என்றார். வேம்புலி பதறிப்போய், அப்படியெல்லாம் இல்லை, முதல் பக்கமே புரியவில்லை என்றான். புரியாமை குறித்து இவ்வளவு நேர்மையாகப் பேசிய வாசகரை இந்த மேடை கண்டதில்லை என்றார் உத்தமன். அவன் வாய் திறக்கத் திறக்கக் கைத்தட்டல் வலுத்தது. கடைசியில் பேசா மடந்தையாகி உட்கார்ந்துவிட்டான். அந்த மௌனத்துக்கும் தட்டினார்கள்.

விழா முடிந்ததும் வேம்புலிக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மாலை போட்ட கை கையெழுத்தும் போடாதா? ஜானகிராமனின் அறைக்குப் போய் ஜெனரல் ஷிப்ட் கேட்டான். நாகவல்லியைப் பற்றிச் சொன்னான், பிளாட்பாரத்தைப் பற்றிச் சொன்னான். ஜானகிராமன் பரிவோடு கேட்டார். கேட்டுவிட்டு, அவனுக்கு நிலைமையை விளக்கினார்.

ஜெனரல் ஷிப்ட் கொடுத்தால் அவன் பகலில் எப்படிப் படிப்பான்? படிப்பகம் பத்து மணியிலிருந்து ஐந்து வரைதான். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். வேறு யாரையாவது படிக்க வைக்கலாமே என்றான் வேம்புலி. ஜானகிராமன் பதறினார். குழுவின் பெயரே அதிகம் அறியப்படாத என்றல்லவா தொடங்குகிறது? ஒருவரும் படிக்காவிட்டால் மேனேஜ்மெண்ட் ஹாலைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டாமவர் படித்தால் அது அறியப்பட்ட நாவல் ஆகிவிடும், விதிப்படி பட்டியலிலிருந்து நீக்கியாக வேண்டும். ஆகவே ஒருவர் படிக்க வேண்டும். ஒருவர் மட்டுமே படிக்க வேண்டும்.

"அந்த ஒருத்தர் நீதான்பா. நீ நைட் ஷிப்ட்ல இருக்கிற வரைக்கும் ஐரோப்பிய இலக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. சரி, அந்த மின்விசிறித் தூக்கமாவது மிஞ்சும் என்று மறுநாள் படிப்பகத்துக்குப் போனான். அவனுடைய நாற்காலிக்கு எதிரே அரைவட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தன. குழு உறுப்பினர்கள் ஃப்ளாஸ்க் சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். 'வாசிப்புப் பார்வையிடல்' என்று அதற்குப் பெயர். ஒரு வாசகர் வாசிப்பதை நேரில் பார்க்கும் பாக்கியம் குழுவுக்கு இதுவரை கிடைத்ததில்லை, ஆகவே தினமும் பார்ப்பது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அவன் நெற்றியைச் சுருக்கினால் உத்தமன் குனிந்து எதையோ எழுதிக்கொள்வார். கொட்டாவி விட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைப்பார்கள். தலை தொங்கினால் உத்தமன் மெதுவாக வந்து தோளைத் தொட்டு, "கனவு நிலை நேற்றே பார்த்தாகிவிட்டது. இன்று விழிப்பு நிலை" என்பார்.

வராமல் இருந்துவிடலாம் என்றால், ஷிப்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரே குழுத் தலைவர். இப்படியே வாரங்கள் போயின. இரவு முழுதும் லேத், பகல் முழுதும் மணிக்கூண்டு. வேம்புலியின் கன்னம் ஒட்டிப்போயிற்று. பிளாட்பார நிமிஷத்தில் நாகவல்லி அவன் முகத்தைப் பார்த்து வேறெதுவும் பேசாமல் தூக்குவாளியை மட்டும் கொடுப்பாள். பெண்டாட்டியைப் பார்க்கிற ஒரு நிமிஷத்தில் நின்றபடியே தூங்கிப் போகிறோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

இரண்டாம் வாசகர் ஒருவரைப் பிடித்தால் போதுமே என்று அவனுக்குப் பட்டது. பட்டியலிலிருந்து நாவல் நீங்கும், நாவலிலிருந்து தான் நீங்கலாம். பக்கத்து லேத்தில் வேலை செய்த அந்தோணிராஜின் காலில் விழாத குறையாகக் கேட்டான். அந்தோணிராஜ் சிநேகிதத்துக்கு உயிரைக் கொடுக்கிறவன். படிப்பகத்துக்கு வந்து, மணிக்கூண்டு வேண்டும் என்றான். உத்தமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு வாசகர் இருக்கிறார் என்றார். பரிந்துரைக்கிறீர்களே என்றான் அந்தோணிராஜ். பரிந்துரைப்பது வேறு, கொடுப்பது வேறு என்று விளக்கி, வேண்டுமானால் வாலிபால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"மச்சான், ஏதோ உனக்காவ வாலிபாலாச்சும் வாங்கினேன்" என்றான் அந்தோணிராஜ் வெளியே வந்து.

அந்த வாரம்தான் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது வேம்புலியின் தலை முன்னால் சாய்ந்தது. அந்தோணிராஜ் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் முகம் சுழலுகிற இரும்பில் போயிருக்கும். ஃபோர்மன் வந்து, இன்னொரு முறை தூங்கினால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். அன்று அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மறுநாள் பகல், எதிரே அரைவட்டம். தூங்க முடியாது, எழுந்து போக முடியாது, பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிப் பார்க்கவும் கூச்சம். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? வேறு போக்கிடம் இல்லாமல் புத்தகத்தில் வைத்தான். படித்தான்.

'நள்ளிருட் போழ்தின்கண் நாழிகைக் கோபுரத்துச் சிகரத்தே நித்திரை நீத்து நின்றனன் நெடுமகன்' என்று ஆரம்பித்தது. உத்தமனின் தமிழ் அப்படி. பலாப்பழம் போல, முள்ளைத் தாண்டினால்தான் சுளை. ஒரு பக்கத்தை நாலு தடவை படித்தபின், ராத்திரியில் மணிக்கூண்டு மேலே ஒரு ஆள் தூங்காமல் நிற்கிறான் என்று புரிந்தது. வேம்புலி நிமிர்ந்து உட்கார்ந்தான். தூங்காமல் நிற்கிற ஆளை அவனுக்குத் தெரியும்.

கடற்கரை ஊர் ஒன்று. எப்போதும் பனிமூட்டம். பாறையில் கப்பல் மோதாமல் இருக்க மணிக்கொரு தரம் மணி அடிக்க ஒரு ஆளைப் போட்டிருக்கிறது ஊர்ச்சபை. ராத்திரி முழுக்க அவன் மேலே. பொழுது விடியும் முன்னே அவன் பெண்டாட்டி பால் விற்கக் கிளம்பிவிடுவாள். அவன் படியிறங்கும்போது அவள் பால்பானையோடு வெளியே போவாள். படிக்கட்டின் அடியில் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வார்கள். வேம்புலி அந்த இடத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டான். ஊர் பேர் தெரியாத ஐரோப்பாவில் எவனோ ஒருவன் தன் வீட்டுச் சங்கதியை எப்படி எழுதினான் என்று திகைத்துப் போனான். எதிரே உத்தமன், 'கண் கலங்கல்' என்று எழுதிக்கொண்டு காபி ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை வண்டியிலிருந்து இறங்கியதும் வேம்புலி சாவியை வாங்கவில்லை. "தே, நாகு, நம்மள மாதிரியே ஒருத்தன் கீறான். மணி அடிக்கிறவன். அவன் பொஞ்சாதி பால் விக்கறவ" என்று ஆரம்பித்து, படிக்கட்டுவரை சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. மாலை வண்டியிலிருந்து இறங்கிய நாகவல்லி முதலில் கேட்டது, "அப்பாலிக்கா இன்னா ஆச்சு?" என்பதுதான்.

அன்றிலிருந்து பகலில் படிப்பதும், காலையும் மாலையும் வண்டி நிற்கிற நிமிஷத்தில் சொல்வதுமாக ஆயிற்று. அந்த நிமிஷத்துக்கு ஒரு உயிர் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் ஒட்டுக் கேட்டார்கள், பிறகு உரிமையோடு கேட்டார்கள். பிளாட்பாரத்தில் கீரை விற்கும் தாயம்மாள் கூடையை நகர்த்தி அவன் இறங்குகிற பெட்டிக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். கதை கேட்கிறவர்கள் ஏறாமல் நிற்பதால் வண்டி தாமதமாகிறது என்று கத்திய கார்டு, சில நாளில் விசிலை வாயில் வைத்தபடி அவரும் கேட்டார். ஊர்ச்சபைக்காரன் மணிக்காரனுக்குக் கம்பளி கொடுக்காமல் கம்பளி பற்றிச் சொற்பொழிவு செய்த கட்டத்தில், "இன்னா அக்குறும்பு பாரு" என்று தாயம்மாள் ஒரு கட்டு முளைக்கீரையைத் தரையில் அடித்தாள்.

சொன்னவன் மனசில் சூது இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண்டாட்டிக்காகத்தான் ஆரம்பித்தான். ஆனால் கூட்டம் சேரச் சேர, இரண்டாம் வாசகர் கிடைக்காவிட்டால் என்ன, இது போதாதா என்று அவனுக்கு உறைத்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னான்.

ஒரு காலை ஜானகிராமன் கீரை வாங்க வந்தார். தாயம்மாள் பக்கத்துப் பூக்காரியிடம் மணிக்காரனையும் பால்காரியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜானகிராமன் கையிலிருந்த பை நழுவியது. அன்று பகலே அவசரக் கூட்டம். சாட்சியாகத் தாயம்மாள் வரவழைக்கப்பட்டாள். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றபடியே, கேட்ட கதை முழுவதையும் கையை ஆட்டிச் சொன்னாள். குழு மூச்சு விடாமல் கேட்டது. முடிந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. இவள் சொன்னது அந்த நாவலின் கதைதானா? தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் உறுப்பினர்களைப் பார்த்தார், உறுப்பினர்கள் காபியைப் பார்த்தார்கள். உலகத்தில் அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

"வேம்புலி, இது நாவலில் இருக்கிறதா?" என்றார் ஜானகிராமன்.

"எழுத்துக்கு எழுத்து கீது சார்."

ஜானகிராமன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஒரு கீரைக்காரிக்கே தெரிந்துவிட்ட நாவலை இனி எந்த முகத்தோடு பரிந்துரைப்பது? நாவல் மலிந்துவிட்டது என்று தீர்மானம் எழுதினார்கள். எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இரண்டு நிமிஷம் அஞ்சலி செலுத்தினார்கள். சிவப்புக் காலிகோ உள் அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. வாசகர் பதவி காலியானதால் வேம்புலியை நைட் ஷிப்டில் வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. ஜெனரல் ஷிப்ட் உத்தரவில் ஜானகிராமன், மகன் செத்த வீட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் போட்டார்.

முதல் நாள் மாலை வேம்புலியும் நாகவல்லியும் அவரவர் வண்டியிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் சந்தித்து, ரயில் போன பிறகும் அங்கேயே நின்றார்கள். அவசரமில்லாமல் நிற்பது எப்படி என்றே இருவருக்கும் தெரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே ஏரிக்கரையோரம் நடந்தார்கள். அந்த வாரம் முழுதும் அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வேம்புலி இரவில், இரண்டு கண்ணும் நன்றாக மூடித் தூங்கினான். தூங்கும்போது அவன் கண் மூடுவதை நாகவல்லி அதிசயமாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் தாயம்மாள் வந்து நின்றாள். அவள் பின்னால் பூக்காரி, காலை வண்டியில் போகிறவர்கள் சிலர், பக்கத்து வீட்டுத் தகரப் பெட்டிக்காரரும்கூட.

"இன்னா நைனா, ஆளையே காணோம்? மணிக்காரன் அசதில கவுத்த உட்டுட்டுத் தூங்கிட்டான். பனியில கப்பல் வெளிச்சம் தெரியுது. அத்தோட நிறுத்திக்கினியே. கப்பல் மோதிச்சா, இல்லியா?"

வேம்புலி விழித்தான். அதுவரைதான் படித்திருந்தான். மீதி உள் அலமாரியில் இருந்தது. தெரியாது என்று சொன்னால் நம்புகிறவர் யாருமில்லை. சொல்லாமல் ஒளிக்கிறான் என்றே பேசிக்கொண்டார்கள். நாகவல்லியும்கூட அன்று இரவு, "எனக்கு மட்டுமாச்சும் சொல்லேன்" என்றாள். ஏதாவது கட்டிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். மணிக்காரனை நினைத்தபோது மனசு வரவில்லை. அந்த ஆளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாளும் கூட்டம் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தை ஒட்டி, குடையை மழையில்லாத வானத்துக்கு விரித்து முகத்தை மறைத்தபடி ஒருவர் நின்றார். ஜானகிராமன். எல்லோரும் கலைந்தபின் அவனைத் தனியே கூப்பிட்டார். ஒரு வாரத்துக்கும் மேலாகத் தமக்குத் தூக்கமில்லை என்றார். தாயம்மாள் சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தக் கப்பல் வெளிச்சம் கண்ணிலேயே நிற்கிறதாம். வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டார், இப்போது அவளும் கேட்கிறாளாம்.

"மீதிய நான் படிக்கல சார். பொஸ்தகத்தக் குடுங்க, ராத்திரில ஊட்ல படிச்சிட்டு சொல்றேன்."

வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லையே என்றார் ஜானகிராமன் வருத்தத்தோடு.

"சாவி உங்ககிட்டதான கீது? நீங்களே படிச்சிப் பாத்துடலாமே சார்?"

ஜானகிராமன் குடையை மடக்கினார். முதல் முறையாக அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. இவ்வளவு நாள் கூட இருந்தும் ஒருவன் இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்கிற கோபம்.

"நான் பரிந்துரைக்கிறவன்பா. படிக்கிறது உன் வேலை."

மறுநாள் குழு கூடியது. நாவலின் முதல் முக்கால் பாகம்தான் மலிந்திருக்கிறது, கடைசிக் கால் பாகத்தை இன்னும் ஒருவரும் அறியார், ஆகவே அந்தப் பகுதி விதிப்படி அதிகம் அறியப்படாத ஐரோப்பியச் செவ்விலக்கியமே என்று உத்தமன் முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. பூட்டுத் திறந்தது. சாயங்காலத்துக்குள் வேம்புலியின் கைக்கு உத்தரவு வந்துசேர்ந்தது. இலக்கிய நலனை முன்னிட்டு மறு உத்தரவு வரும்வரை நைட் ஷிப்ட். படித்த பகுதியை வெளியார் எவரிடமும் சொல்லக் கூடாது என்று அடியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்.

விடிந்ததும் காலை வண்டி கொரட்டூரில் நின்றது. வேம்புலி இறங்கினான். பிளாட்பாரத்தில் நாகவல்லி தூக்குவாளியோடு நின்றாள். ஜன்னல்களில் முகங்கள், கூடைக்குப் பின்னால் தாயம்மாள், வாயில் விசிலோடு கார்டு. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"எவ்ளோ பக்கம் கீது?" என்று கேட்டாள் நாகவல்லி, சாவியை அவன் கையில் வைத்தபடி.

"நூறு சொச்சம். ஆனா சொல்லக் கூடாதுனு ஆர்டர்."

"மெதுவா சொல்லு. நான் உன் பொஞ்சாதி, வெளியாளு இல்ல" என்றாள் அவள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவன் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுப் பெட்டியில் ஏறினாள். விசில் ஊதியது.

வண்டி போய் வெறிச்சோடிய பிளாட்பாரத்தின் கோடியில் உத்தமன் காத்திருந்தார். கையில் சிவப்புக் காலிகோ. வேம்புலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எதிர்கொண்டு வந்தார். பத்து மணிவரை காத்திராமல் இப்போதே திறந்து நாற்காலியெல்லாம் போட்டாயிற்று, இன்று தலைவர் தம்பதி சகிதம் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"கொஞ்சம் வாய்விட்டே படியுங்கள். எங்களுக்கும் கேட்கட்டும். கேட்பது படிப்பதாகாது என்று நேற்றே தீர்மானம் போட்டுவிட்டோம்."